தலைகீழாகப் படிக்க வேண்டிய கையேடு

புதுச்சேரியில் வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமங்களில் கேரவன் என்றால், ஷூட்டிங் வந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். தோப்போரம் ஒரு நீளமான வெள்ளை வண்டி நிற்கும். கண்ணாடியெல்லாம் கறுப்பு. கொஞ்சம் தள்ளி ஜெனரேட்டர் வேன் உறுமிக்கொண்டிருக்கும். உள்ளே யார் என்று பார்க்கப் பிள்ளைகள் கூட்டம் கூடும். ஆனால் அந்த வண்டியில் யாரும் குடியிருப்பதில்லை. நடிகர் உடை மாற்றுவார், ஏசியில் கொஞ்ச நேரம் படுப்பார், பொழுது சாய்ந்ததும் வண்டி கிளம்பிவிடும். தண்ணீர் தீர்ந்ததா, கழிவுத் தொட்டி நிறைந்ததா என்ற கவலை அவருக்கு இல்லை. அதைப் பார்க்க ஆள் இருக்கிறது.

வண்டியிலேயே வாழ்கிறவர்கள் வேறு வகை. திருச்செங்கோட்டு ரிக் லாரிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆழ்துளைக் கிணறு போடக் கிளம்பினால் மாதக்கணக்கில் வெளிமாநிலம்தான். துணைக்கு வரும் லாரியில் இரும்புக் குழாய், டீசல், அரிசி மூட்டை, அடுப்பு, படுக்கை எல்லாம் ஏறிவிடும். அதற்கு மோட்டார் ஹோம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை, விளம்பரமும் செய்யவில்லை. ஆனாலும் தமிழ்நாட்டில் சக்கரத்தின் மேல் குடித்தனம் நடத்தும் அனுபவம் அவர்களுக்குத்தான் அதிகம்.

அதே வட்டாரத்திலிருந்து, நாமக்கல் மாவட்டத்திலிருந்து, இன்னொருவர் வந்தார். இளம் கட்டடக் கலைஞர் அருண் பிரபு 2019இல் சென்னையில் ஒரு பஜாஜ் ஆட்டோவின் முதுகில் 36 சதுர அடி வீடு ஒன்றைக் கட்டினார். ‘சோலோ 0.1’ என்று பெயர். ஆறடிக்கு ஆறடி இடத்தில் சமையலறை, கழிப்பறை, படுக்கை, உட்கார்ந்து வேலை செய்ய ஒரு மூலை. கூரையில் 600 வாட் சூரியத் தகடு, 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, மொட்டை மாடியில் நிழலுக்கு ஒரு பந்தல். பழைய பொருட்களைக் கொண்டு சுமார் ஒரு லட்ச ரூபாயில் முடித்தார். மொத்த வீட்டையும் சில போல்ட்டுகள்தான் ஆட்டோவோடு பிணைத்திருந்தன. கழற்றினால் ஆட்டோ தனி, வீடு தனி. 2021இல் ஆனந்த் மகிந்திரா அதை ட்விட்டரில் பாராட்டியதும் நாடு முழுக்கப் பேச்சானது. பார்த்த கையோடு பழைய வேனைப் பட்டறைக்கு ஓட்டப் பலருக்கும் ஆசை வந்திருக்கும். அவர்கள் முதலில் போக வேண்டிய இடம் ஆர்.டி.ஓ. அலுவலகம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் பதிவான அடிப்படை விவரங்களை நம் இஷ்டத்துக்கு மாற்ற விடுவதில்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிப்படுத்தியது.

வண்டியைக் கட்டுவதில் உள்ளதை விடக் கட்டியபின் அதில் வாழ்வதில்தான் அறிவியல் அதிகம். அங்கேதான் ஒரு சிக்கல். மோட்டார் ஹோம் பற்றிய கையேடுகளும் பாகங்களும் பெரும்பாலும் குளிர் நாடுகளில் பிறந்தவை. 1885இல் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் குதிரை பூட்டிய ‘வாண்டரர்’ வண்டியைச் செய்வித்ததிலிருந்து, 1950களில் ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் ஃபோக்ஸ்வேகன் வேனுக்குள் கட்டிலும் அடுப்பும் பொருத்தியது வரை, எல்லாருக்கும் பொது எதிரி குளிர். வெப்பத்தை உள்ளே பிடித்து வை, குழாயில் தண்ணீர் உறையாமல் பார், பேட்டரியைப் பனியிலிருந்து காப்பாற்று. பாகூரில் ஏரிக்கரையோரம் ஒரு வேனை நிறுத்திக் குடியிருக்க நினைப்பவர் இந்த அறிவுரைகளில் பாதியைத் தலைகீழாகத்தான் படிக்க வேண்டும்.

புதுச்சேரிக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. 1969இல் பாரிஸிலிருந்து ஒரு குழு வண்டிகளில் ஏறித் தரை வழியாகவே ஆரோவில்லுக்கு வந்து சேர்ந்தது. ‘முதல் கேரவன்’ என்றே அங்கே அதைக் குறிப்பிடுகிறார்கள். ஐரோப்பாவின் குளிருக்கென்று வடிவமைத்த தகரக் கூடுகள் இந்த வெயிலில் எப்படிக் கொதித்திருக்கும் என்பதை ஒரு கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் தரையில் விழும் சூரிய ஆற்றல் சுமார் 1,000 வாட். ஆறு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் உள்ள வேன் கூரையின் பரப்பு 12 சதுர மீட்டர். ஆக 12 கிலோவாட். ஒரு டன் ஏசி வெளியே தள்ளும் வெப்பம் சுமார் மூன்றரை கிலோவாட்தான். கூரையில் விழுவதெல்லாம் உள்ளே இறங்கிவிடாது, ஒரு பகுதியைக் காற்று கொண்டுபோய்விடும். ஆனாலும் கறுப்போ கருநீலமோ அடித்த கூரை, விழும் வெயிலில் பத்தில் ஒன்பது பங்கை விழுங்கிக்கொள்ளும். சுத்தமான வெள்ளைக் கூரை கால் பங்கை விழுங்கினாலே அதிகம். இதில் முக்கியமான சொல் ‘சுத்தமான’. அறுவடைக் காலத்தில் பாகூர்ச் சாலையில் பறக்கும் பதரும் தூசியும் ஒரே வாரத்தில் வெள்ளையைப் பழுப்பாக்கிவிடும். கூரையைத் துடைப்பது அழகுக்காகச் செய்கிற வேலை அல்ல.

வெயிலைத் தடுக்க இன்னொரு வழி இரட்டைக் கூரை. சூரியத் தகடுகளைக் கூரையோடு ஒட்டாமல், கைமுட்டி நுழையும் இடைவெளி விட்டு உயர்த்திப் பொருத்தினால், தகடே பந்தலாகிவிடுகிறது. அடியில் காற்று ஓடுவதால் தகடும் குளிர்கிறது. சிலிக்கான் தகடு சூடானால் சோர்ந்துவிடும். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 விழுக்காடு மின்சாரம் குறையும். கூரையில் ஒட்டிய தகடு 65 டிகிரியைத் தொட்டால் ஆறில் ஒரு பங்கு போச்சு. கடையில் விற்கும் பளபளப்பான அலுமினியத் தாளிலும் ஏமாறுகிறவர்கள் அதிகம். அந்தத் தாள் வேலை செய்ய அதன் பளபளக்கும் முகத்துக்கு எதிரே காற்று இடைவெளி வேண்டும். தகரத்தோடு அப்பி ஒட்டிவிட்டால் அலுமினியம் வெப்பத்தைக் கடத்துகிற வேலையைத்தான் செய்யும்.

எந்தத் திசை பார்த்து நிறுத்துவது? ஐரோப்பியக் கையேடு, ஜன்னலைத் தெற்குப் பக்கம் வை என்று சொல்லும். புதுச்சேரி நிலநடுக்கோட்டிலிருந்து 12 டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் 21ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 21ஐ ஒட்டியும் நடுப்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, நட்டு வைத்த கம்பின் நிழல் காணாமல் போகும். பள்ளிகளில் நிழலில்லா நாள் என்று செய்து காட்டுவது இதைத்தான். இந்த இரண்டு நாட்களுக்கும் நடுவே நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். உச்சி வெயிலைக் கூரை பார்த்துக்கொள்ளும். சுவரைச் சுடுவது காலை, மாலை வெயில். வண்டியின் நீளத்தைக் கிழக்கு மேற்காக வைத்து நிறுத்தினால் அந்த வெயில் படுவது முன்பக்கமும் பின்பக்கமும் மட்டும்தான். அகலமான இரண்டு சுவர்களும் தப்பிவிடும். பின்பக்கம் கிழக்கே இருந்தால், பிற்பகலில் கிழக்கிலிருந்து வரும் கடல் காற்றும் பின்கதவில் நுழைந்து முன்கதவில் வெளியேறும். வில்லியனூர் கடலைவிட்டுச் சில கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் அந்தக் காற்று கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். அவ்வளவுதான் வித்தியாசம்.

தென்னந்தோப்பு நிழல் சொகுசாகத் தெரியும். நிறுத்தக் கூடாது. காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

வெப்பம் வெளிப்படையான எதிரி. வண்டியை உண்மையில் தின்கிறது ஈரம். இங்கேதான் கையேடு நம்மை முழுதாகத் திசை திருப்புகிறது.

குளிர் நாட்டில் வண்டிக்குள் இருக்கும் காற்று வெதுவெதுப்பு, வெளியே குளிர். மூச்சிலும் சமையலிலும் எழும் ஆவி சுவருக்குள் புகுந்து வெளித்தகரத்தின் உட்பக்கம் நீராகப் படியும். அதைத் தடுக்க, ஆவி புகாத தாளைச் சுவரின் உட்பக்கம் ஒட்டச் சொல்கிறார்கள். புதுச்சேரிக் கரையில் 33 டிகிரி வெப்பமும் 65 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு சாதாரண மாலையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்றின் பனிநிலை சுமார் 25.5 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பில் பட்டாலும் அதிலுள்ள ஈரம் நீராக மாறும். உள்ளே ஏசியை 22இல் வைத்தால், வெளிக்காற்றின் ஈரம் ரிவெட் ஓட்டை, ஒயர் துளை வழியாகச் சுவருக்குள் புகுந்து, உட்பலகையின் முதுகில் வியர்க்கும். ஐரோப்பிய முறைப்படி உட்பக்கம் ஒட்டிய தாள் அந்த நீரைக் காய விடாமல் பிடித்து வைக்கும். பிளைவுட் உள்ளுக்குள் ஊறும், வெளியே ஒன்றும் தெரியாது. ஆகவே இங்கே ஆவித் தடுப்பு வெளிப்பக்கமாகவும், உட்பக்கம் கொஞ்சம் மூச்சு விடுகிறதாகவும் இருக்க வேண்டும். கண்ணாடிப் பஞ்சு ஈரத்தைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். துளை மூடிய ஃபோம் பலகைதான் இந்தக் கரைக்குச் சரி.

உள்ளே நாமே உண்டாக்கும் ஈரமும் குறைவில்லை. ஒரு கிலோ சமையல் எரிவாயு எரியும்போது சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. எரிவாயுவில் இருக்கும் ஹைட்ரஜன் காற்றிலிருந்து ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்வதால், எரித்த எடையைவிட வருகிற தண்ணீரின் எடை கூடுகிறது. மீன் குழம்பும் சோறும் ஆக்க 150 கிராம் எரிவாயு செலவானால், சட்டியிலிருந்து எழும் ஆவி போக, அடுப்பே ஒரு டம்ளர் தண்ணீரைக் காற்றில் கலந்துவிட்டது. மழை நாளில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமைக்கும் வண்டியில் இரண்டே வாரத்தில் மெத்தைக்கு அடியில் பூசணம் பூப்பது இதனால்தான். மெத்தையைப் பலகையின் மேல் நேராகப் போடாமல், கீழே காற்றோட்டத்துக்குச் சட்டம் அடித்துப் போட வேண்டும். அலமாரிக் கதவுகளில் துளை வேண்டும். சமைக்கும்போது மேலே ஒரு எக்ஸாஸ்ட் மின்விசிறி ஓட வேண்டும்.

கூரையிலிருந்து ஒழுகுவது வேறு கதை. அலுமினியம் ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 23 பங்கு நீளும். எஃகு 12 பங்குதான் நீளும். காலையில் 25 டிகிரியில் இருந்த கூரை மதியம் 65 தொட்டால், ஆறு மீட்டர் அலுமினியத் தகடு ஐந்தரை மில்லிமீட்டர் வளர்ந்திருக்கும். அடியில் உள்ள எஃகுச் சட்டமும் அதே அளவு சூடானாலும் மூன்று மில்லிமீட்டர்தான் வளரும். மிச்சம் இரண்டரை மில்லிமீட்டர் இழுபறியை நாள் தவறாமல் தாங்குவது நடுவில் பூசிய சீலன்ட். வெயில் பட்டு அது வறண்டு, நகத்தால் கீறினால் பொடியாகும் நிலைக்கு வந்துவிட்டால், ஐப்பசி முதல் மழையிலேயே கட்டில் நனையும். மூட்டுக்கு அடியில் பியூட்டைல் டேப், மேலே பாலியூரித்தேன் என்பது நல்ல கூட்டு. அவசரத்துக்குச் சிலிக்கானைப் பிதுக்கித் தேய்ப்பவர்கள் பின்னால் வருந்துவார்கள். சிலிக்கான் படிந்த இடத்தில் அப்புறம் எதுவும் ஒட்டாது, முழுக்கச் சுரண்டி எடுத்தாக வேண்டும்.

புதுச்சேரிக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. எனவே புரட்டாசி முடிவதற்குள் ஒருவர் ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு மூட்டையும் விரலால் அழுத்திப் பார்த்து வர வேண்டும். உள்ளே மூலைகளை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டினால் நல்ல பலகை ‘டொக்’ என்று பதில் சொல்லும். ஊறிய பலகை சொல்லாது. ஈரமானி வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு எளிது. மரத்தில் 20 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் அழுகல் தொடங்கும் இடம் அது.

உப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடி வந்த வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். ‘நல்ல’ என்பதைக் கவனிக்கவும். பாகூருக்குக் கிழக்கே கடலோரக் கிராமங்களில் போர் தண்ணீரே உப்பேறிய இடங்கள் உண்டு. அந்தத் தண்ணீரில் கழுவுவதும் ஒன்று, கழுவாமல் விடுவதும் ஒன்று. அலுமினியத்தில் எஃகு போல்ட்டை நேராக முடுக்கினால், உப்பீரம் பட்டதும் இரண்டும் சேர்ந்து ஒரு குட்டி மின்கலமாகி, அலுமினியம் அரிக்கப்படும். நடுவில் ஒரு நைலான் வாஷர் வைத்தால் அதைப் பெருமளவு குறைக்கலாம்.

கரண்ட் கணக்கு போடுவது பலருக்குப் பிடித்த வேலை. அருண் பிரபு வைத்த 600 வாட் தகட்டையே எடுத்துக்கொள்வோம். நல்ல வெயில் நாளில் ஐந்து மணி நேர முழு வெயிலுக்குச் சமம் என்று வைத்தால் மூன்று யூனிட். சூடு, தூசி, இன்வெர்ட்டர் இழப்பு போக இரண்டேகால் யூனிட் கைக்கு வரும். இரண்டு பி.எல்.டி.சி. மின்விசிறி இரவு பகலாக ஓடினாலும் ஒன்றரை யூனிட்டைத் தாண்டாது. மாவாட்டும் டேபிள் டாப் கிரைண்டர் அரை மணி ஓடினால் 0.1 யூனிட்கூட ஆகாது, ஆக இட்லிக்குத் தடையில்லை. இண்டக்‌ஷன் அடுப்பு அரை மணியில் ஒரு யூனிட்டை விழுங்கும். ஒரு டன் ஏசி இரண்டு மணி நேரத்தில் மொத்தத்தையும் தீர்த்துவிடும். ஏசி இல்லாமல் இருக்க முடியாது என்பவருக்கு மோட்டார் ஹோம் வாழ்க்கை இந்தக் கரையில் ஒத்து வருவது கடினம். ஜெனரேட்டரைத் தேடுவார், அதன் ஆபத்தைப் பின்னால் பார்ப்போம்.

நிழலையும் கரண்ட்டையும் ஒரே நேரத்தில் அடைய முடியாது. தகட்டின் செல்கள் தொடராக இணைக்கப்பட்டவை. வேப்பங்கிளையின் நிழல் ஒரே செல்லில் விழுந்தாலும் அந்த வரிசையே சுணங்கும். மேகம் மூடிய கார்த்திகை நாட்களில் தகடு பெயருக்குத்தான் இருக்கும். அப்போது எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஏறும்படி இணைப்பு வைத்திருப்பவர்தான் பிழைப்பார்.

பேட்டரியிலும் அதே தலைகீழ்க் கதை. லித்தியம் பேட்டரியைப் பூஜ்ஜிய டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யாதே என்று கையேடு பயமுறுத்தும். வில்லியனூரில் அந்தப் பயம் வேண்டாம். வேண்டியது மேல் வரம்பைப் பற்றிய பயம். ஈய அமில பேட்டரி பத்து டிகிரி கூடுதல் சூட்டில் வாழ்ந்தால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். எஞ்சினுக்குப் பக்கத்திலோ வெயில் படும் இரும்புப் பெட்டியிலோ அதை வைப்பது, காசைக் கொடுத்து ஆயுளைக் குறைப்பது.

தண்ணீரில் எடைதான் முதல் பாடம். 250 லிட்டர் என்றால் 250 கிலோ, மூன்று நான்கு பேரை ஏற்றிக்கொண்ட மாதிரி. தொட்டியைக் கூரையில் வைத்தால் குழாயில் தானாக வரும், மோட்டார் செலவு மிச்சம். ஆனால் எடை உயரத்தில் இருக்கும் வண்டி வளைவில் கவிழப் பார்க்கும். ஓடாமல் நிற்கிற நாட்களில் மட்டும் மேலே சிறிய தொட்டி, ஓடும்போது எல்லாம் கீழே, இரண்டு அச்சுகளுக்கும் நடுவே. இருவர் வாளியில் குளித்து, சமைத்து, பாத்திரம் கழுவினால் நாளுக்கு 60 லிட்டர் போதும், நான்கு நாள் ஓடும். ஷவர் வைத்தால் இரண்டு நாள். பாத்திரத்தை முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டு, பிறகு தெளிப்பான் பாட்டிலால் அலசுகிறவர்கள் பாதித் தண்ணீரை மிச்சப்படுத்துகிறார்கள். புளிக்குழம்பு ஒட்டிய சட்டிக்கு அது போதாது என்று சொல்லும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதும் சரி.

குளிர் நாட்டவருக்கு உறைபனிக் கவலை என்றால் நமக்குக் கொசுக் கவலை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகும். தொட்டியின் காற்றுத் துளை, மழைநீர் நிற்கும் கூரைப் பள்ளம், ஏசியின் கீழ்த்தட்டு, ஓரத்தில் சாய்த்து வைத்த ஸ்டெப்னி டயர் என எல்லாமே அதற்குத் தாய்வீடு. துளைக்கு மெல்லிய வலை கட்டி, மற்றவற்றை வாரம் ஒரு முறை கவிழ்க்க வேண்டும். நாள்பட்டுக் கிடந்த தொட்டியைச் சுத்தம் செய்ய, 250 லிட்டருக்குச் சுமார் 40 கிராம் பிளீச்சிங் பவுடரை ஒரு வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, எல்லாக் குழாயிலும் வாடை வரும்வரை திறந்துவிட்டு, ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் முழுதும் கொட்டிவிட்டு அலச வேண்டும்.

கழிவைப் பற்றிப் பேச யாருக்கும் பிடிக்காது, வண்டி வாங்கும் முன் கேட்கவும் மாட்டார்கள். வெளிநாட்டில் முகாம்தோறும் கழிவுத் தொட்டியைக் கொட்ட இடம் உண்டு. கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தபோது கேரவன் பூங்காக்களையும் சேர்த்தே திட்டமிட்டதற்கு இதுவும் ஒரு காரணம். பாகூரில் அப்படி ஓர் இடம் கிடையாது. ஏரிக்கும் வாய்க்காலுக்கும் விட நினைக்கிறவர் அந்த ஊரில் மறுபடி வண்டி நிறுத்த முடியாது, அது நியாயமும்கூட. தெரிந்த வீட்டின் செப்டிக் டேங்கில் ஊற்றலாம் என்றால், வெளிநாட்டுக் கழிப்பறை ரசாயனங்கள் சில, செப்டிக் டேங்கில் வேலை செய்யும் நுண்ணுயிர்களையே கொன்றுவிடும். இங்கே பொருந்துவது சிறுநீரையும் மலத்தையும் பிரிக்கும் உலர் கழிப்பறை. திருச்சி மாவட்டம் முசிறியில் ஸ்கோப் அமைப்பு வருடக்கணக்காக அந்த வகைக் கழிப்பறைகளைக் கட்டிக் காட்டியிருக்கிறது. அதன் நிறுவனர் மாராச்சி சுப்புராமனுக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. சாம்பலோ மரத்தூளோ தூவினால் வாடை அடங்கும், தண்ணீரும் வேண்டாம்.

எரிவாயுவில் அலட்சியம் கூடாது. வீட்டு உபயோக 14.2 கிலோ சிலிண்டரைவிட, பெட்ரோல் பங்க்கிலும் கிடைக்கும் 5 கிலோ சிலிண்டர் வண்டிக்கு வசதி. குளிர் நாட்டவர் பியூட்டேன் பூஜ்ஜியத்துக்குக் கீழே ஆவியாகாது என்று கவலைப்படுவார்கள். நமக்குக் கவலை வேறு. கசிந்த எரிவாயு காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் தரையில் தேங்கும். சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துளை இருக்க வேண்டும், பெட்டி வெயிலில் இருக்கக் கூடாது. குண்டும் குழியுமான சாலையில் இணைப்புகள் தளரும். ஆகவே ஒவ்வொரு முறை நிறுத்தியதும் சோப்பு நுரையைத் தடவிப் பார்ப்பது வழக்கமாக வேண்டும். குமிழி விட்டால் கசிகிறது.

கேரளத்தில் வடகரை அருகே 2024 டிசம்பரில் சாலையோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அந்த வண்டியிலேயே சோதனை செய்து பார்த்தார்கள். ஜெனரேட்டரின் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு, வண்டியின் தளத்தில் இருந்த துளை வழியாக உள்ளே நிறைந்திருக்கிறது. இந்த வாயுவுக்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். ஏசி போட்டு, ஜன்னல் சாத்தித் தூங்குகிறவருக்கு லேசான தலைவலிகூடத் தெரியாமல் முடிந்துவிடலாம். சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைப் படுக்கைக்கு அருகே மாட்டாத வண்டியில், ஜெனரேட்டரை ஓட விட்டோ அடுப்பை எரிய விட்டோ தூங்குவது தற்கொலைக்குச் சமம். ஒயருக்கும் குழாய்க்கும் போட்ட துளைகளை அடைப்பதும் அதே அளவு முக்கியம்.

அந்தத் துளைகள் வழியாக வரும் இன்னொரு விருந்தாளி எலி. நாலா பக்கமும் நெல் வயல். அறுவடை முடிந்து வயல் வெறுமையானதும் எலிகள் புதிய வீடு தேடும், எஞ்சினின் கதகதப்பும் ஒயர் உறையும் அவற்றுக்கு விருந்து. பானெட்டுக்குள் புகையிலை வைப்பது நம்மூர் டிரைவர்கள் நம்பும் வைத்தியம். அதோடு எஃகு வலையால் துளையை அடைப்பது உறுதியான வைத்தியம்.

எடையை யாரும் அளப்பதே இல்லை. கட்டில், பலகை, பேட்டரி, தண்ணீர், பாத்திரம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்ததில் ஆர்.சி.யில் போட்ட மொத்த எடையை வண்டி எப்போதோ தாண்டியிருக்கும். நெல் லாரியும் கரும்பு லாரியும் ஏறும் எடை மேடையில் சில்லறைக் கட்டணத்துக்கு எடை போடலாம். முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு முறை, முழு வண்டியையும் ஏற்றி ஒரு முறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பின் அச்சின் சுமை. டயரின் காற்றழுத்தத்தை அந்த எண்ணைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். டயரின் வயதும் பக்கவாட்டில் அச்சாகியிருக்கிறது. 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் பிறந்தது. நின்றே கிடக்கும் மோட்டார் ஹோமில் டயரின் பூ தேயாமல் புதிது போலவே இருக்கும். ஆனால் வெயிலும் ஓசோனும் பக்கவாட்டு ரப்பரைப் பிளந்திருக்கும். ஆறேழு வருடம் தாண்டினால் பூவைப் பார்க்காமல் மாற்றிவிட வேண்டியதுதான்.

மழைக்காலத்தில் களிமண் வயலோரம் இறங்கியவர்கள் டிராக்டர் தேடிப் போன கதைகள் நிறைய. மூன்றரை பார் காற்றுள்ள டயர் தரையை அழுத்துவதும் சதுர சென்டிமீட்டருக்கு மூன்றரை கிலோ என்ற அளவில்தான். ஊறிய களிமண் அதில் ஒரு பங்கைத் தாங்குவதே கடினம். சக்கரத்துக்கு அடியில் அகலமான பலகை போட்டு நிறுத்தினால் எடை பரவும்.

கடைசியாகப் புயல். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை ஏறியதை இங்கே யாரும் மறக்கவில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தபோது 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடுத்தடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட, தென்பெண்ணை பெருகிப் பாகூர்ப் பகுதிக் கிராமங்கள் நீரில் நின்றன. காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிப்படி ஏறும், வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. மணிக்கு 90 கிலோமீட்டர் காற்று, 15 சதுர மீட்டர் பக்கச்சுவரைச் சுமார் 580 கிலோ எடைக்குச் சமமான விசையில் தள்ளும். ஆகவே வண்டியின் மூக்கு காற்றைப் பார்த்து நிற்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி கீழே இருந்தால் அதை நிரப்பி வைப்பது நல்லது, அந்த எடை இப்போது உதவும். கூரைப் பந்தலையும் சாய்ப்பையும் முன்கூட்டியே கழற்றிவிட வேண்டும்.

ஆனால் வெள்ள எச்சரிக்கை வந்தபிறகு வண்டியில் இருப்பதே தவறு. முழங்கால் அளவுகூட இல்லாத, ஓடுகிற வெள்ளம் சிறிய காரைத் தூக்கிவிடும். அதன் இரு மடங்கு ஆழத்தில் பெரிய வண்டிகளும் மிதக்கும். மோட்டார் ஹோமுக்கு வீட்டைவிட ஒரே ஒரு வசதி உண்டு, முந்தின நாளே மேட்டுக்கு ஓட்டிப் போய்விடலாம். அதைப் பயன்படுத்தாமல் ஆற்றங்கரையிலேயே நின்று, சக்கரம் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஏறி வடிந்திருந்தால், வடிந்த கையோடு சாவியைத் திருப்பக் கூடாது. முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். ஏர் ஃபில்டர் நனைந்திருந்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்கும், அதோடு ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் தண்டு வளையும். எஞ்சின் ஆயில், கியர் ஆயில், டிஃபரன்ஷியல் ஆயில் மூன்றும் பாலேடு போல வெளுத்திருக்கிறதா என்று பார்த்து மாற்ற வேண்டும். வீல் பேரிங்கைக் கழற்றிப் பழைய கிரீஸைத் துடைத்துப் புதிதாக அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மாதம் திண்டிவனம் பைபாஸில் அது கூச்சலிடும். தளப்பலகையை ஓர் ஓரத்திலாவது பெயர்த்து, மின்விசிறியை நேராக அதன் மேல் திருப்பி, ஈரமானி 20க்குக் கீழே வரும்வரை மூடாமல் விட்டுவைக்க வேண்டும்.